மூன்றரை விரற்கடை

தொப்புளுக்கு மேலே என் விரல்களை நிறுத்தி
தலையை மட்டும் தூக்கச் சொன்னேன்.
தூக்கினாள்.
இரண்டு தசைகளுக்கு நடுவே
மூன்றரை விரல் உள்ளே போயிற்று,
பிசைந்த மாவில் போவதுபோல்.
வயிற்றின் நடுவில் ஒரு முகடு எழுந்தது,
தலை சாய்ந்ததும் அடங்கியது.
"பசங்க இதை மீன் என்கிறார்கள்" என்றாள் லீஸ்பெத்.
"மறுபடி துள்ளச் சொல்லு அம்மா என்பார்கள்."

விர்ட்சு படகுத்துறையில் அவளுக்கு வேலை.
கார்களை வரிசையில் விடுவது,
வந்துசேரும் கப்பலின் கயிற்றை,
மணிக்கட்டுப் பருமன், ஈரம் குடித்தது,
தூக்கித் தூணில் மாட்டுவது.
இரட்டையர் பிறந்து மூன்று வருடம்.
கடைக்காரி இன்னும் கேட்கிறாளாம்,
எத்தனை மாதம் என்று.
"ஏழு" என்று சொல்லிவிட்டு
கெஃபிர் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாளாம்.

எட்டு மாதம் என்னிடம் வந்தாள்,
வியாழக்கிழமைகளில், டீசல் வாசனையோடு.
மூச்சை விடு. விட்டுக்கொண்டே
அடிவயிற்றை உள்ளே வாங்கு,
இறுகிப்போன கால்சட்டைக்குப் பொத்தான் போடுவதுபோல்.
இப்போது குதிகாலை நகர்த்து.
மூச்சைப் பிடிக்காதே.
பிடிக்காதே என்கிறேன்.

மூன்றரை, மூன்றானது.
மூன்றிலேயே நின்றது.
குறிப்பேட்டில் ஒருமுறை
இரண்டேமுக்கால் என்று எழுதிவிட்டு அடித்தேன்.
என் விரல்தானே,
சற்று தடித்துத்தான் போயேன் என்றிருந்தது.

அறுவைக்குப் போ என்று நான்தான் சொன்னேன்.
அதற்குமுன் ஜன்னலை
இரண்டுமுறை திறந்து மூடினேன்.
"அப்படியென்றால் இந்த எட்டு மாதம்?"
மருத்துவர் தைப்பார், என்றேன்.
தைத்ததை எப்படி உடுப்பதென்று
உன் உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
மருந்துப் பெட்டியில் அச்சிட்ட வாசகம்போல
எனக்கே கேட்டது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
காலணிக் கயிற்றை நெடுநேரம் கட்டினாள்.

அடுத்த வியாழன் வந்தாள்.
தலையணையை வயிற்றோடு அணைத்து இருமப் பழகினோம்.
ஒருக்களித்து உருண்டு, கையூன்றி,
முதுகை ஒரே பலகையாக வைத்து எழப் பழகினோம்.
ஊகுவும் பெர்ட்டும் கூடவே உருண்டார்கள்,
சுவர்வரை போய், திரும்பி, மேஜைக்கடியில்.

டார்ட்டு மருத்துவமனையிலிருந்து குறுஞ்செய்தி:
தும்மிவிட்டேன். தலையணை எட்டவில்லை.
செத்தேன் என்று நினைத்தேன்.
இன்னும் இருக்கிறேன்.

மூன்றாம் வாரம், பட்டையைச் சுற்றிக்கொண்டு
தரையில் எதையோ தொலைத்தவள்போல்
குனிந்தே நடந்து வந்தாள்.
முதலிலிருந்து தொடங்கினோம்.
மூச்சை விடு.
எட்டு மாதம் சொன்ன அதே சொல்;
உடம்பு ஊர் மாறி வந்ததுபோல் விழித்தது.

ஐந்தாம் வாரம் பெர்ட்டைத் தூக்கிவிட்டாள்.
நடு இரவில் வாந்தி எடுத்தானாம்,
மாடிப்படியில்.
"மூச்சா? எல்லாம் மறந்துபோச்சு."
திட்ட வாயெடுத்தவள்
படுக்கச் சொல்லிக் கையை மட்டும் வைத்தேன்.
தையல் விட்டுக்கொடுக்கவில்லை.
அரை விரல்கூட நுழையவில்லை;
பூட்டிய வீட்டு வாசலில் வந்தவர்கள்போல்
என் விரல்கள் நின்றன.
யார் வேலை இது, நூலா, நானா?
கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டேன், பாதி.

பிப்ரவரியில் தீவுக்குப் போகவேண்டி வந்தது,
தம்பியின் கணப்படுப்பு புகைவதைப் பார்க்க.
மைனஸ் பன்னிரண்டு.
ஆரஞ்சு மேலங்கியில் ஒருத்தி
மூன்றாம் வரிசைக்குக் கைகாட்டினாள்.
தொப்பியோடு என்னை அடையாளம் தெரியவில்லை.
கப்பல் உறுமிக்கொண்டு ஒதுங்கியது.
கயிறு வந்து விழுந்தது.
அவள் முழங்காலை மடித்தாள்,
குவிந்த உதட்டிலிருந்து
சின்னதாய் ஒரு வெண்புகை போயிற்று.
பிறகுதான் கயிறு எழுந்தது.

பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
நான் இன்னும் கியர் போடவில்லை.